அணிக்கோவை தெரிஞ்ச பொண்ணுக்கு டிடர்மினன்ட் தெரியல: ஒரு முதல் வருஷ மாணவியோட நிகழ்வு ஆய்வு

நான் சென்னையில ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல கணக்கு எடுக்குறேன், 14 வருஷமா முதல் வருஷத்துக்கு மட்டும் தான். கூடவே ஒவ்வொரு வருஷமும் 20 பசங்களுக்கு மென்டர். இதுல எழுதுறது அந்த 20 பேர்ல ஒரு பொண்ணைப் பத்தி, 2024 செப்டம்பர்ல சேர்ந்தவ. அவகிட்ட கேட்டு, அவ சரின்னு சொன்ன பிறகு தான் எழுதுறேன், பேரு ஊரு எதுவும் போடல, ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி ஒண்ணு ரெண்டு விவரம் மாத்தியிருக்கேன். எழுதணும்னு தோணுனதுக்குக் காரணம், இந்தப் பொண்ணு விஷயத்துல முதல் ரெண்டு மாசம் நான் முழுசா தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், அந்தத் தப்பை இப்பவும் பல பேர் பண்ணிட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.

விழுப்புரம் மாவட்டத்துல தென்பெண்ணை ஓரமா ஒரு கிராமம். அப்பா மில்லுல லோடு மேன், அம்மா நூறு நாள் வேலை, மத்த நாள்ல நடவு களையெடுப்பு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, முழுக்க தமிழ் மீடியம், பன்னெண்டாவதுல கணக்குல 100-க்கு 91. அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021-ல இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்கும் வந்துச்சு இல்லையா, அதுல தான் சீட்டு. அந்த ஒதுக்கீட்டுல வர்றவங்களுக்கு கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டுது. குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு இவ தான். எலக்ட்ரானிக்ஸ் பிரிவு எடுத்திருந்தா, அதுவும் பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் சொல்லி சாய்ஸ்ல போட்டது.

முதல் ரெண்டு மாசம் நான் பாத்தது இவ்ளோ தான். கடைசிக்கு முந்தின பெஞ்ச். கேள்வி கேட்டா எழுந்து நிப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டா. பாடம் நடக்கும்போது டெஸ்க்குக்கு அடியில போன் வெளிச்சம் தெரியும். காலையில முதல் பீரியட்ல கண்ணு சொருகும். தீபாவளிக்கு முன்னாடி நடந்த முதல் இன்டர்னல்ல மேத்ஸ்ல 100-க்கு 23. மென்டர் ரெக்கார்டுல நான் எழுதுனது இன்னும் இருக்கு, "ஆர்வம் இல்லை, வகுப்பில் கைபேசி, பெற்றோரிடம் பேச வேண்டும்". ஒரு நாள் போனைப் பிடுங்கி சாயங்காலம் வரைக்கும் என் டேபிள்ல வெச்சிருந்தேன். அவ வந்து வாங்கும்போது சாரி மேம்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா.

டெஸ்ட் பேப்பர் குடுத்த அன்னைக்கு ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னேன். மூணுக்கு மூணு மேட்ரிக்ஸ் ஒண்ணு பேப்பர்ல எழுதி, இதுக்கு டிடர்மினன்ட் கண்டுபிடின்னு சொன்னேன், ப்ளஸ் டூ சமாச்சாரம் தான், இது கூட வரலைன்னா எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரிஞ்சாகணும். பேனாவைப் பிடிச்சுட்டு அந்த மேட்ரிக்ஸையே பாத்துட்டு நின்னா. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். எனக்குக் கோவம் வரல, மனசு விட்டுப்போச்சு. பக்கத்து டேபிள்ல பிசிக்ஸ் சார் டிபன் பாக்ஸ் கழுவிட்டு வந்து உக்காந்தவரு எட்டிப் பாத்துட்டு, சும்மா போற போக்குல, "அணிக்கோவை மதிப்பு கண்டுபுடிக்கச் சொல்றாங்கம்மா" அப்படின்னாரு.

அவ முகம் மாறுன மாதிரியை நான் இன்னும் மறக்கல. சேரைக் கூட இழுக்காம குனிஞ்சு நின்னபடியே எழுதுனா, முதல் நிரை வழியா விரிச்சு, சிற்றணிக்கோவை மூணும் போட்டு, குறி மாத்தி, கூட்டி, முக்கால் நிமிஷம் இருக்கும், பதில் சரி. சார் விடாம, "இதுக்கு நேர்மாறு இருக்கா?"ன்னு கேட்டாரு. "பூச்சியம் இல்ல சார், அதனால பூச்சியமற்ற கோவை அணி, நேர்மாறு இருக்கு சார்" அப்படின்னா. அந்தக் குரலை நான் ரெண்டு மாசமா கேட்டதே இல்ல.

இங்க என்னைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நான் மயிலாப்பூர்ல மெட்ரிகுலேஷன்ல படிச்சவ. வீட்டுல தமிழ் தான், கதை கவிதை எல்லாம் தமிழ்ல தான் படிப்பேன், ஆனா கணக்கை நான் தமிழ்ல தொட்டதே இல்ல. அணிக்கோவைங்கற வார்த்தை எனக்கே அன்னைக்குத் தான் காதுல விழுந்துச்சு. பிசிக்ஸ் சார் திண்டுக்கல் பக்கம், 90-கள்ல தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்தவரு, முதல் வருஷம் அவரும் இதே மாதிரி நின்னவரு தான்னு அப்புறமா சொன்னாரு. 14 வருஷமா நான் பாடம் எடுத்த எத்தனை பிள்ளைங்க இந்த ஒரு வார்த்தை கிடைக்காம நின்னிருப்பாங்கன்னு நெனச்சு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அவ போன பிறகு 23 மார்க் பேப்பரைத் திரும்ப எடுத்துப் பாத்தேன், இந்த தடவை கடைசிப் பக்கத்து ரஃப் வொர்க்ல இருந்து. அங்க ஒரு மேட்ரிக்ஸை நிரை நிரையா குறைச்சு ஏறுபடி வடிவத்துக்குச் சுத்தமா கொண்டு வந்திருக்கா. கேள்வி என்னன்னா, ஒரு குவாட்ராட்டிக் ஃபார்மோட ரேங்க், இண்டெக்ஸ், சிக்னேச்சர் கண்டுபிடின்னு. ஏறுபடி வடிவத்துல பூச்சியம் இல்லாத நிரை எத்தனைன்னு எண்ணி எழுதுனா ரேங்க் வந்துடும், ரெண்டுன்னு ஒரு எண்ணு எழுதினா போதும். எழுதல. மறுநாள் ஏன்மா எழுதலன்னு கேட்டேன். கொஞ்சம் தயங்கிட்டு, "மேம், ரேங்க்னா எத்தனாவதுன்னு தானே மேம்... அணிக்கு எப்படி மேம் ரேங்க் வரும்?"னா. ரேங்க்னா அவளுக்கு ஸ்கூல்ல முதல் ரேங்க், அப்புறம் கவுன்சிலிங் ரேங்க். அணியின் தரம்னு பன்னெண்டாவது முதல் பாடத்துலயே படிச்சு, பொதுத்தேர்வுல எழுதி, மார்க்கும் வாங்கிட்டு வந்தவ.

டெஸ்க்குக்கு அடியில இருந்த போன் விஷயமும் அப்பத் தான் தெரிஞ்சுது. ஹிஸ்டரியை அவளே காட்டினா. "ரேங்க் மீனிங் இன் தமிழ்", "மைனர் மீனிங் இன் தமிழ்", "சிங்குலர் மீனிங் இன் தமிழ்"னு வரிசையா. கணக்குல மைனர்னா சிற்றணிக்கோவை, சிங்குலர்னா பூச்சியக்கோவை அணி. ஆனா மைனர்னு போட்டா வயசு வராதவர்னு வருது, சிங்குலர்னு போட்டா ஒருமைன்னு வருது, இலக்கணத்துல வர்ற ஒருமை. இதை வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு பாடத்தோட ஓடிப் பிடிக்கப் பாத்திருக்கா, நான் அந்தப் போனைப் பிடுங்கி வெச்சிருந்தேன்.

இதுக்கு அப்புறம் தான் நான் அவ நாளை முழுசா விசாரிச்சேன், மென்டர்னு பேரு வெச்சுக்கிட்டு முதல் வாரமே செஞ்சிருக்க வேண்டியது.

தங்கியிருந்தது ஆவடியில சித்தி வீட்டுல. ஹாஸ்டல் கட்டணம் அரசு கட்டும்னு தெரிஞ்சும் வீட்டுல ஒத்துக்கல, நம்ம ஆளுங்க வீடு இருக்கும்போது பொம்பளப் புள்ளய எதுக்கு ஹாஸ்டல்ல விடணும்னு. காலேஜ் தென்சென்னையில. காலையில நாலரைக்கு எழுந்து, தண்ணி பிடிச்சு வெச்சுட்டு, ஆவடியில ட்ரெயின், சென்ட்ரல்ல இறங்கி சப்வே வழியா பார்க் ஸ்டேஷன், அங்க இருந்து கிண்டி, கிண்டியில இருந்து பஸ். பஸ்ல பொண்ணுங்களுக்குக் காசில்ல, ட்ரெயினுக்கு மட்டும் சீசன் டிக்கெட். ஒரு பக்கத்துக்கே ரெண்டு மணி நேரம் ஆயிடும், சாயங்காலம் பார்க்ல இருந்து சென்ட்ரலுக்கு ஓடும்போது ஒரு ட்ரெயின் விட்டா இன்னும் அரை மணி. வீடு போய்ச் சேர எட்டு. சித்தி கெட்டவங்க இல்ல, அதைச் சொல்லியே ஆகணும், அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிப்ட்டு வேலை பாக்குற பொம்பள, ரெண்டு சின்னப் பிள்ளைங்க, ஒரே ரூம் போர்ஷன். அந்த வீட்டுல ராத்திரி சோறு வடிக்க ஒரு கை வேணும், அந்தக் கை இவளோடது ஆயிடுச்சு. லைட்டை அணைச்ச பிறகு படிக்க இடமில்ல. முதல் பீரியட்ல தூங்குனதுக்கு இது தான் காரணம்.

கணக்குல மட்டும் இல்ல, எல்லா இடத்துலயும் ஒரே கதை தான்னு எனக்கு மெதுவா புரிஞ்சுது. விஷயம் அவளுக்குத் தெரியும், அல்லது சொன்னா உடனே புரியும், ஆனா காலேஜ்ல அதுக்கு வெச்சிருக்கற பேரு தெரியாது. பேரு தெரியாததால கேக்க முடியாது. கேக்காததால யாரும் சொல்ல மாட்டாங்க.

ஒரு உதாரணம். பேங்க்ல அக்கவுண்ட் வேலைக்கு போனஃபைடு கேட்டிருக்காங்க. அந்த வார்த்தை மனசுல நிக்கல. ஆபீஸ் கவுண்டர்ல போய் "நான் இங்க படிக்கிறேன்னு ஒரு சர்டிபிகேட் வேணும்"னு கேட்டிருக்கா, தமிழ்ல அதை விடத் தெளிவா கேக்கவே முடியாது. "என்ன சர்டிபிகேட்னு தெரிஞ்சுட்டு வா"ன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. நான் போய்க் கேட்டப்ப, "மேடம் நாங்க தினமும் நூறு பேரைப் பாக்குறோம்"னாங்க. பாக்கட்டும், அந்த நூறுல ஒருத்திக்கு போனஃபைடான்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா விஷயம் அப்பவே முடிஞ்சிருக்கும். இது மேல எனக்கு இன்னும் ஆதங்கம் இருக்கு, மறைக்க விரும்பல.

அந்த பேங்க் வேலை எதுக்குன்னா புதுமைப் பெண் பணத்துக்கு. அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து படிச்சுட்டு காலேஜ் வர்ற பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபாய், 2022 செப்டம்பர் 5-ல ஆரம்பிச்ச திட்டம். (பசங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல தமிழ்ப் புதல்வன் வந்துச்சு.) ஸ்கூல்ல இருந்த எமிஸ் நம்பர் (பள்ளி மாணவர் பதிவு எண்) வெச்சு காலேஜ் மூலமா யூமிஸ்ல (காலேஜ் மாணவர்களுக்கான அரசுப் பதிவுத் தளம்) பதியணும், பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் சேர்ந்திருக்கணும். பணம் தானா வரும்னு இவ நெனச்சுட்டு இருந்திருக்கா. ரெண்டு மாசம் போச்சு. மாசம் ஆயிரம்ங்கறது அவ ட்ரெயின் சீசன், நோட்டு, சாயங்காலம் கிண்டியில ஒரு டீ பன்னு எல்லாத்தையும் தாங்குற காசு.

அரியர்னா என்னன்னும் தெரியல, இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இன்டர்னல்ல ஃபெயில்னா வருஷமே போச்சு, அரசு கட்டுற ஃபீஸும் நின்னுடும்னு நெனச்சு தீபாவளி லீவு முழுக்க வீட்டுல யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கா. உக்கார வெச்சு ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினேன். இவங்களுக்கு இருக்கற 2021 ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் எக்ஸாம் 60. ரெண்டும் சேர்த்து 50 வரணும், செமஸ்டர் எக்ஸாம்ல மட்டும் தனியா 45 சதவீதம் வரணும். முதல் டெஸ்ட்ல 23 எடுத்தா அது அந்த 40-ல ஒரு பங்கைத் தான் தொடும். அப்படியே செமஸ்டர்ல போச்சுன்னாலும் அடுத்த தடவை அந்தப் பேப்பரை மட்டும் எழுதலாம், அதுக்குப் பேரு தான் அரியர், வருஷம் எல்லாம் போகாது. அவ அந்தப் பேப்பரை நாலா மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டா.

சரி, என்ன பண்ணோம்.

முதல்ல பண்ணது எதுவும் வேலை செய்யல, அதையும் எழுதிடறேன். கிளாஸ் டாப்பர் பையன் ஒருத்தனோட சேர்த்து உக்கார வெச்சேன். நல்ல பையன், ஆனா அவன் வேகத்துக்கு அவனே எல்லாத்தையும் போட்டுக் குடுத்துட்டான், இவ காப்பி பண்ணா, ரெண்டு வாரத்துல விட்டுட்டோம். காலேஜ்ல நடந்த பிரிட்ஜ் கோர்ஸுக்கு மறுபடி அனுப்பினேன். அங்க இங்கிலீஷ்ல தன்னைத்தானே அறிமுகப்படுத்துறது, கை குலுக்குறது, இன்டர்வியூல எப்படி உக்காரணும்னு அஞ்சு நாள். இன்டர்வியூ நாலாவது வருஷம் வருது. இன்னைக்கு காலையில நடந்த வகுப்பு புரியாம தவிக்கிற பிள்ளைக்கு அது எதுக்குன்னு எனக்கு இன்னும் விளங்கல.

வேலை செஞ்சது ஒரு லாங் சைஸ் நோட்டு. பிசிக்ஸ் சார் யோசனை. நம்ம பாடநூல் கழகத்து பன்னெண்டாவது கணக்குப் புத்தகம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் நெட்ல இலவசமா கிடைக்குது, ரெண்டும் ஒரே புத்தகம், தமிழ்ல எடுத்துக்காட்டு 1.1-னு இருக்கறது தான் இங்கிலீஷ்லயும் 1.1. ரெண்டையும் இறக்கிக் குடுத்து, தமிழ்ல உனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச கணக்கை இங்கிலீஷ்ல படிம்மான்னு சொன்னோம். புதுசா ஒண்ணும் கத்துக்க வேண்டியதில்ல, கணக்கு தெரிஞ்சதால இங்கிலீஷ் வரி தானா புரியும். நோட்டுல மூணு பத்தி. முதல்ல தமிழ், நடுவுல இங்கிலீஷ் எழுத்துல, கடைசியில காதுல எப்படி விழுதுன்னு தமிழ் எழுத்துல. கடைசிப் பத்தி அவளே சேர்த்தது, அது தான் முக்கியமானதுன்னு எனக்கு அப்புறம் தெரிஞ்சுது, ஏன்னா வகுப்புல வார்த்தை கண்ணுக்கு வர்றதில்ல, காதுக்குத் தான் வருது, அதுவும் நான் பேசுற வேகத்துல. அணிக்கோவை, டிடர்மினன்ட். அணியின் தரம், ரேங்க். முதன்மை மூலைவிட்டம், மெயின் டயகனல். சேர்ப்பு அணி, அட்ஜாயின்ட். பகுதி வகைக்கெழு, பார்ஷியல் டெரிவேட்டிவ். எல்லை, லிமிட். தொகையிடல், இன்டக்ரேஷன். ஒரு நாளைக்கு எட்டு வார்த்தை, ட்ரெயின்ல ஆவடியில இருந்து வில்லிவாக்கம் வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன் மேம்னு சொல்லுவா.

மூணாவது வாரம் கேரக்டரிஸ்டிக் ஈக்குவேஷன் திரும்பப் போட்டோம். மூணுக்கு மூணு அணிக்கு அதுல எஸ்1, எஸ்2, எஸ்3-னு மூணு எண்ணு வேணும். எஸ்1 முதன்மை மூலைவிட்ட உறுப்புகளோட கூடுதல், எஸ்2 அந்த மூலைவிட்ட உறுப்புகளோட சிற்றணிக்கோவைகளோட கூடுதல், எஸ்3 அணிக்கோவை. நான் இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல அவ வாய்க்குள்ள தமிழ்ல முணுமுணுத்துக்கிட்டே போட்டா. "அவ்ளோ தானா மேம்? இதையா ஒரு மாசமா..."ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டா. கண்ணு கலங்கியிருந்துச்சு.

நான் என் வகுப்புல ஒரு விஷயம் மாத்துனேன். கடைசி 10 நிமிஷம் டவுட்டைத் தமிழ்ல தான் கேக்கணும்னு. கேக்கலாம்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, கேக்கணும்னு சொன்னேன். முதல் வாரம் ரெண்டு பேர். டிசம்பர்ல அந்தப் பத்து நிமிஷம் பத்தாம போச்சு, அதுல பாதிப் பேரு இங்கிலீஷ் மீடியத்துல படிச்சுட்டு வந்த சென்னைப் பசங்க.

ஹாஸ்டல் விஷயம் தான் நாளாச்சு. அவங்க அம்மாகிட்ட நானே போன்ல பேசினேன். "மேடம், ஊருல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க மேடம், என் தங்கச்சி வூட்டுல இருந்தா எனக்கு நெஞ்சு நிம்மதியா இருக்கும்"னாங்க. அந்த பயத்தை நான் சின்னதா நெனைக்கல, எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. நீங்க ஒரு தடவை வந்து பாருங்கம்மா, பாத்துட்டு வேண்டாம்னா விட்டுடலாம்னு சொன்னேன். ஒரு சனிக்கிழமை விடிகாலை பஸ் ஏறி கிளாம்பாக்கத்துல வந்து இறங்கி, அங்க இருந்து கேட்டுக் கேட்டு வந்துட்டாங்க. வார்டனைப் பாத்தாங்க, ரூமைப் பாத்தாங்க, ஜன்னல் கம்பியை ஆட்டிப் பாத்தாங்க. மெஸ்ல சாப்பிட்டுட்டு, குழம்பு ரசம் மாதிரி இருக்குன்னாங்க. கடைசியா மககிட்ட, "ராத்திரி படிக்க லைட்டு எரியவுடுவாங்களாடி?"ன்னு ஒரே கேள்வி. பதினொண்ணு வரைக்கும்மான்னா. சரின்னுட்டாங்க. சித்திக்கு வருத்தம் வந்துடக் கூடாதுன்னு அன்னைக்கே ஆவடி போய் ஒரு ராத்திரி தங்கிட்டுத் தான் ஊருக்குப் போனாங்க. நவம்பர் நடுவுல ஹாஸ்டல் வந்துட்டா.

நடுவுல இன்னொண்ணு செஞ்சோம், அது எனக்குப் படிச்சதுல கிடைச்சது. கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன்னு அமெரிக்காவுல ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2011-ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. புதுசா சேர்ந்த மாணவர்களுக்கு, நாம இந்த இடத்துக்குச் சேராதவங்களோன்னு தோணுறது எல்லாருக்கும் வர்றது தான், கொஞ்ச நாள்ல போயிடும்னு சீனியர்ஸ் அனுபவமா காட்டினாங்க, ஒரு மணி நேரம் மாதிரி தான். கறுப்பின மாணவர்களோட மார்க் அடுத்த மூணு வருஷத்துக்கு ஏறுனதா அதுல இருக்கு. நம்ம ஊருக்கு அதே அளவுல பொருந்தும்னு நான் சொல்ல வரல. ஆனா மூணாவது வருஷத்துல இருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து, உங்க முதல் செமஸ்டர் மார்க்கை மட்டும் சொல்லுங்கப்பா, அறிவுரை வேண்டாம்னு சொன்னேன். ஒரு பொண்ணு எழுந்து மூணு பேப்பர் அரியர்னு சொல்லிட்டு இப்ப 8.1 சிஜிபிஏன்னா. நம்ம பொண்ணு அன்னைக்குத் தான் வகுப்புல முதல் தடவையா கையைத் தூக்குனா. கேட்ட கேள்வி, "அக்கா, அரியர் எழுதுனப்ப தனியா உக்கார வெப்பாங்களா?" வகுப்புல சில பேரு சிரிச்சாங்க. அந்த அக்கா சிரிக்கல, இல்லம்மா எல்லாரோடயும் தான்னு சொல்லிட்டு வந்து இவ பக்கத்துலயே உக்காந்துட்டா.

எல்லாம் சரியா போகுதுன்னு நெனச்சப்ப ஃபெஞ்சல் வந்துச்சு. மழைக்கு லீவு விட்டாங்கன்னு நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயிருக்கா. 30-ம் தேதி புயல் கரையைக் கடந்தது, அதுக்கப்புறம் சாத்தனூர் அணையில இருந்து தண்ணி திறந்து தென்பெண்ணை கரை மீறிப் போச்சு, அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையே தண்ணிக்குள்ள. அவங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. போன் இல்ல, கரண்ட் இல்ல. எட்டு நாள் ஆளே இல்ல. தண்ணி வடிஞ்ச பிறகும் ரெண்டு நாள் வரல, அது ஏன்னு கேட்டா, அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழ போயிடுச்சு, இனிமே உள்ள விட மாட்டாங்கன்னு அவளே முடிவு பண்ணிட்டா. மறுபடியும் அதே கதை. 65-க்கும் 75-க்கும் நடுவுல இருந்தா மருத்துவக் காரணத்துக்குக் காண்டனேஷன்னு ஒண்ணு இருக்கு, அதாவது வருகைக் குறைவை மன்னிச்சு எக்ஸாம் எழுத விடுறது, அவ கணக்கு அது வரைக்கும் கூடப் போகல, நான் எண்ணிப் பாத்தப்ப 76 இருந்துச்சு. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் சேர்ந்து 79 ஆச்சு. சொல்ல ஒரு ஆள் இல்லாம 76 வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு படிப்பை விட்டிருப்பா.

அந்த வெள்ளத்துல நோட்டு போச்சு. லாங் சைஸ் நோட்டு, கிட்டத்தட்ட 200 வார்த்தை. ஹாஸ்டலுக்கு வந்த மறுநாள் புது நோட்டு வாங்கி ஞாபகத்துல இருந்தே திரும்ப எழுதியிருக்கா, பதினாறு வார்த்தை மட்டும் வரலன்னு என்கிட்ட வந்து கேட்டா.

அந்த வாரம் ராத்திரி ஒரு நாள் வாட்ஸாப்ல, "மேம் நான் ஊருக்கே போயிடறேன், அம்மா தனியா வாரிக் கொட்டிட்டு இருக்காங்க"ன்னு அனுப்பினா. உடனே கூப்பிட்டேன். மனசு ரொம்பக் கனமா இருக்கா, செத்துடலாம்னு ஏதாவது தோணுதான்னு நேராவே கேட்டேன், இப்படி நேரா கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு பல டீச்சர்ஸ் பயப்படுறாங்க, அப்படி ஆகாது, கேக்கணும். இல்ல மேம், அழுகை மட்டும் நிக்கலன்னா. 14416 நம்பரைக் குடுத்தேன், டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும், தமிழ்ல பேசலாம். அவ கூப்பிட்டாளான்னு நான் கேக்கல, அது அவ விஷயம். மறுநாள் காலை பிசிக்ஸ் சாரும் நானும் வகுப்புல யார் பேரையும் சொல்லாம வெள்ளத்துல பாதிச்சவங்களுக்குக் காசு சேர்த்தோம், அந்த மாவட்டங்கள்ல இருந்து எங்க டிபார்ட்மென்ட்ல மொத்தம் ஏழு பேர் இருந்தாங்க.

ஜனவரியில செமஸ்டர். ரிசல்ட் வந்தப்ப மேத்ஸ் பி பிளஸ். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி பாஸ். தமிழர் மரபு பேப்பர்ல ஏ பிளஸ், அதுல தமிழ்லயே எழுதலாம். பைத்தான் போச்சு. அது எங்க தப்புன்னு நான் நெனைக்கிறேன், லேப்டாப் இல்லாத பொண்ணு போன்ல தட்டிப் பழகிட்டு இருந்தா, கணக்குல இருந்த கவனத்துல அதை யாரும் பாக்கல. ஏப்ரல்-மே எக்ஸாம்ல அரியர் எழுதி முடிச்சுட்டா. எல்லாரோடயும் சேர்ந்து தான் உக்காந்தேன் மேம்னு வந்து சொன்னா.

இப்ப ரெண்டாவது வருஷம். அந்த நோட்டை ஜெராக்ஸ் போட்டு இந்த வருஷம் சேர்ந்த தமிழ் மீடியம் பிள்ளைங்க எல்லாருக்கும் முதல் வாரமே குடுத்தோம், கூடவே ஒரு பக்கம் தனியா, போனஃபைடு, அரியர், ஓ.டி. (ஆன் டியூட்டி), காண்டனேஷன், ரீவேல்யுவேஷன், யூமிஸ்னு ஆபீஸ் வார்த்தைங்க, ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம், எந்த கவுண்டர்ல கேக்கணும்னு. அதை எழுதுனதும் அவ தான். ஆபீஸ்ல அந்தத் தாளை கண்ணாடியில ஒட்டக் கேட்டோம், இன்னும் ஒட்டல, கேட்டுட்டே இருக்கோம்.

ஒண்ணு மட்டும் எழுதாம முடிக்க மனசு வரல. அதே வகுப்புல, அதே 7.5 ஒதுக்கீட்டுல வந்த ஒரு பையன் இருந்தான். என் 20 பேர்ல இல்ல, வேற மென்டர். இவளுக்குப் பின்னாடி பெஞ்ச். அவனும் பேச மாட்டான், அவனும் போன் பாப்பான். அக்டோபர் முதல் வாரமே, அதாவது அந்த அணிக்கோவை நாளுக்கு மூணு வாரம் முன்னாடி, டிசி கேட்டு ஃபார்ம் கொண்டு வந்தான், அவனோட மென்டர் லீவுல இருந்தாரு. நான் ஏம்பான்னு கேட்டேன், ஒண்ணுமில்ல மேம்னான், அடுத்த வகுப்புக்கு நேரமாச்சு. காரணம்ங்கற இடத்துல "சொந்தக் காரணம்"னு எழுதியிருந்தான். கீழ இருக்கறது என் கையெழுத்து.